கிளி இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்தால்...



சென்ற இதழில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் இரண்டு பேர், குழந்தையைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டு, கடைசி வரியில் வேறொன்றும் கேட்டிருந்தார்கள். "எங்கள் வீட்டில் ஜோடி லவ் பேர்ட்ஸ் இருக்கிறது. வீட்டுக்காரர் நாய்க்குட்டி கொண்டு வருகிறேன் என்கிறார். இரண்டும் ஒத்துப்போகுமா அக்கா?" என்று ஒருவர். நாய் இருக்கிற வீட்டில் கிளி வாங்கலாமா என்று இன்னொருவர். சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு குடும்பச் சண்டையே மூளும் அளவுக்குப் போன விஷயம் இது. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

எங்கள் வீடு திருப்புலிவனத்தில், தெருவின் கடைசி வீடு. அதற்கப்புறம் வயல்தான். உத்திரமேரூர் சாலையில் பஸ் போகும் சத்தம் கேட்கும், ஆனால் கூப்பிட்டால் ஓடி வர ஆள் கிடையாது. என் கணவருக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். பெண் கல்லூரி விடுதியில். ராத்திரியில் நானும் என் மாமியாரும் மட்டும். பக்கத்து ஊரில் கொல்லைப்புறம் போன ஒரு பெண்ணிடம் தாலிச் சரட்டை அறுத்துக்கொண்டு போனார்கள் என்ற சேதி வந்ததும், "இனிமே நாய் இல்லாம முடியாது" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அத்தைக்குத்தான் ஆகவில்லை. காரணம் மஞ்சு.

ஆறு வருஷத்துக்கு முன் மாமா காலமானபோது அத்தை சாப்பாடு தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். அப்போது என் தம்பி சென்னையிலிருந்து ஒரு பறவையைக் கூண்டோடு கொண்டு வந்து கொடுத்தான். காக்டெய்ல் என்று கடையில் சொல்வார்கள். ஆஸ்திரேலியா நாட்டுக் கிளி வகை. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமம் அப்பின மாதிரி ஆரஞ்சு வட்டம், தலையில் ஒரு கொண்டை. எடை நூறு கிராம்கூட இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். மஞ்சு என்று பெண் பெயர் வைத்துவிட்டோம், அப்புறம்தான் தெரிந்தது அது ஆண் என்று! குக்கர் விசிலை அப்படியே அடிக்கும். எத்தனை நாள் நான் அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன் தெரியுமா? அத்தை காலையில் எழுந்ததும் முதல் பேச்சு அதனிடம்தான், ராத்திரி படுக்கும்முன் கடைசிப் பேச்சும் அதனிடம்தான்.

நாய் என்றதும் அத்தை சொன்ன வார்த்தை இது: "இந்த வூட்டுக்குள்ள நாய் வந்துச்சின்னா, நான் மஞ்சுவைத் தூக்கிக்கினு கெளம்பிடுவேன். எங்கன்னு கேக்காத."

வெறும் பிடிவாதம் இல்லை இது. என் நாத்தனார் வீட்டில் நடந்ததை அத்தை கண்ணால் பார்த்தவர்கள். அங்கே வீட்டோடு வளர்ந்த நாய், மிகவும் சாது. ஒரு நாள் கூண்டிலிருந்து வெளியே வந்த லவ் பேர்டை வாயில் கவ்வி, அதட்டியதும் உடனே விட்டுவிட்டது. பறவை எழுந்து உட்கார்ந்தது, ரத்தம் இல்லை, இறகு மட்டும் ஈரம். "நல்ல வேளை" என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் கூண்டின் அடியில் செத்துக் கிடந்தது. பயத்தில் செத்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். விஷயம் அது மட்டும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கவே கூடாதது அதுதான்.

இவர் சும்மா இருப்பாரா? "புலிக்கால் முனிவரே வந்து கும்பிட்ட ஊரு இது. ஒரு நாய் கிளிகிட்ட அடங்காதா?" என்று வேடிக்கை பேசினார். எங்கள் ஊர் வியாக்ரபுரீஸ்வரர் கோயிலை வைத்துச் சொன்னது. அத்தை விடவில்லை: "சாமிக்கும் தெரியும்டா. காஞ்சிபுரத்துல காமாட்சி கைல கிளி. நாய் எங்க இருக்குது? பைரவர் கிட்ட. ஒரே சந்நிதியில வெச்சாங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அத்தை வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியிலேயே வழியும் இருந்தது. ஒரே வீடு, ஆனால் தனித்தனி சந்நிதி! அப்படித்தான் நாங்கள் செய்தோம்.

மேலே போகும் முன் ஒரு வார்த்தை. கிளி என்றால் உங்களில் பலர் பச்சைக்கிளியை நினைப்பீர்கள். கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது வருகிறது. 2022-ல் திருத்திய பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வாங்கினாலும் விற்றாலும் கூண்டில் வைத்திருந்தாலும் தண்டனை உண்டு. "ஊரெல்லாம் வளர்க்கிறாங்களே" என்பீர்கள். 2023-ல் சென்னையில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டில் இருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துப் போய், இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அப்படி உங்களிடம் இருந்தால் நீங்களே திறந்து பறக்க விடாதீர்கள், கூண்டில் வளர்ந்தது வெளியே பிழைக்காது. வனத்துறையிடம் சொல்லி ஒப்படையுங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜரிகர், காக்டெய்ல் ஆகிய வெளிநாட்டுப் பறவைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆப்பிரிக்க சாம்பல் கிளி, மக்காவ் மாதிரிப் பெரிய கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிப்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சரி, நாய்க்கு வருவோம். எந்த நாய் என்பதிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. இவருடைய நண்பர் ஒருவர் சிப்பிப்பாறை குட்டி தருகிறேன் என்றார். அழகான நாய், நம் தமிழ்நாட்டுப் பெருமை, சந்தேகமே இல்லை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனங்கள். எதாவது துடித்தால், ஓடினால், கண் அங்கே போகும், கால் பின்னாலேயே போகும். அதன் ரத்தத்தில் இருக்கிறது, அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்? சிறகடிக்கிற பறவை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்றேன். வளர்ந்த நாயும் வேண்டாம் என்றேன், அது முன்பு எங்கே என்ன பழகியதோ நமக்குத் தெரியாது. மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு நாட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நாலைந்து குட்டிகளுக்கு நடுவே கைதட்டிப் பார்த்தேன். ஒன்று பாய்ந்து வந்து என் சேலை முந்தானையைக் கடித்து இழுத்தது. ஒன்று பயந்து ஒளிந்தது. ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து மோந்தது. மூன்றாவதுதான் மணி.

குட்டியை நாற்பது நாளில் தூக்கி வந்துவிடுகிறார்கள் பலர். அவசரப்படாதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கட்டும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதே சமயம் ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது. மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதுதான் பின்னால் அதற்குச் சாதாரணமாகத் தோன்றும். கிளிச் சத்தம், கூண்டின் ஆட்டம் எல்லாம் அந்த வயதிலேயே பழகிவிட வேண்டும்.

மணி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே மஞ்சுவுக்கு இடம் மாற்றினோம். நாய் வந்த பிறகு மாற்றினால், புது இடம், புது மிருகம் என்று பறவைக்கு இரண்டு அதிர்ச்சி. முன்பு திண்ணைக் கொக்கியில் கூண்டு தொங்கும். காற்றில் ஆடும், கீழே இருந்து நாய் தாவினால் இன்னும் ஆடும். இப்போது அத்தை அறைச் சுவரில் கொத்தனாரை வைத்து இரும்புத் தாங்கி அடித்து, நம் கண் மட்டத்துக்குக் கூண்டை ஆடாமல் நிறுத்தினோம். பின்பக்கம் சுவர் இருப்பது பறவைக்குத் தைரியம். கீழே நாற்காலி, டிரங்குப் பெட்டி எதையும் போடவில்லை, நாய்க்கு அது படிக்கட்டாகிவிடும். கூண்டுக் கதவுக்கு ஒரு சின்ன எஸ் கொக்கி. அறை வாசலுக்குக் கம்பி வலை அடித்த அரைக் கதவு, ஆசாரி பழைய ஜன்னல் சட்டத்திலேயே செய்து கொடுத்தார்.

இன்னொன்று. கூண்டடியில் சிந்தும் தினையும் எச்சமும் நாய்க்கு விருந்து. அதைத் தின்னவே கூண்டடிக்கு வந்து நிற்கும். நாய்க்கு அது நல்லதல்ல. தானியம் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலி வந்தால் எங்கள் மாதிரி வயலோர வீட்டில் பாம்பும் வரும். ஆகவே தட்டில் பழைய செய்தித்தாள் போட்டுத் தினம் காலையில் மாற்றிவிடுவேன்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. மணி கொல்லைத் தாழ்வாரத்தில், மஞ்சு அறையில். உத்திரமேரூரில் கால்நடை டாக்டரிடம் காட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசிக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம். அந்த நாட்களில் நான் செய்தது துணி மாற்றுவது மட்டும்தான். என் பழைய நூல் சேலையைக் கிழித்து, ஒரு துண்டை மணி படுக்கும் சாக்கின் மேல் போடுவேன், ஒரு துண்டைக் கூண்டின்மேல் போர்த்துவேன். இரண்டு நாள் கழித்து மாற்றிப் போடுவேன். நாய்க்கு மூக்குதான் கண். நேரில் பார்க்கும் முன்னாலேயே, "இது இந்த வீட்டு வாசனை" என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. பறவைக்கு மோப்பம் அவ்வளவு பெரிதில்லை, அதற்குக் காதும் கண்ணும்தான். மணி கொல்லையில் குரைப்பதைக் கேட்டுக் கேட்டு அதற்கும் பழகியது. கொஞ்ச நாளில் குட்டி குரைப்பதைப் போலவே அரைகுறையாக ஒரு சத்தம் போட்டதே, பார்க்கணும்!

பிறகு முதல் பார்வை. இதை அவசரமாகச் செய்யவே கூடாது. "கிளிகிட்ட கொண்டு போய் மோந்து பார்க்க விடு, பழகிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்காதீர்கள். நாயின் இரண்டு கண்ணும் முகத்துக்கு முன்னால், குறி வைக்க வாகாக இருக்கின்றன. கிளியின் கண்கள் இரண்டு பக்கமும், எந்தத் திசையிலிருந்து ஆபத்து வந்தாலும் பார்க்க. நாய் ஒன்றும் செய்யாமல் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாலே போதும், பறவைக்கு உயிர் போய் வரும். அதனால் மோந்து பார்க்க விடுவதைவிட, உற்றுப் பார்க்காமல் இருக்கப் பழக்குவதுதான் முக்கியம்.

மணியை நன்றாக ஓடவிட்டு, விளையாடவிட்டு, வயிற்றுக்கும் கொஞ்சம் போட்டு, களைப்பாக்கிய பிறகுதான் உள்ளே கூட்டி வருவோம். கழுத்துப் பட்டையும் கயிறும் இவர் கையில். அரைக் கதவுக்கு இப்பால், கூண்டிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வைப்போம். அத்தை கூண்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மஞ்சுவிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள். என் கையில் வேகவைத்த கோழி ஈரலைப் பொட்டுப் பொட்டாக வெட்டி வைத்திருப்பேன். மணி கூண்டைப் பார்க்கும். "மணீ" என்று மெதுவாகக் கூப்பிடுவேன். கூண்டிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்த அந்த நொடியில் ஒரு துண்டு. மறுபடி கூண்டைப் பார்க்கும், மறுபடி கூப்பிடுவேன், திரும்பினால் மறுபடி ஒரு துண்டு. நான்கைந்து நாளில், கூண்டைப் பார்த்ததும் தானாகவே என் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. தனக்கு லாபம் எங்கே என்று நாய்க்கு நன்றாகத் தெரியும்!

ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம். தினம் இரண்டு தடவை. அவ்வளவுதான். அடிக்கவோ கத்தவோ கூடாது. கிளி இருக்கும்போதெல்லாம் அடி விழுகிறது என்று நாய் மனதில் பதிந்தால், அந்தக் கோபம் கிளியின் மேல் திரும்பும்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பறவைதான் சொல்லும். மஞ்சுவின் கொண்டை எங்களுக்கு மானி மாதிரி. லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தால் நிம்மதி. விறைத்து நின்றால் கவனிக்கிறது, கொஞ்சம் பயம். தலையோடு ஒட்டிப் படிந்து, வாயைத் திறந்து பாம்பு சீறுவது மாதிரி 'ஹிஸ்' என்றால், அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். உடம்பைக் குறுக்கி இறகையெல்லாம் ஒட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றாலும் நாயை வெளியே கொண்டு போய்விட வேண்டும். இறகைத் தானே பிடுங்குவது, தீனி குறைவது, எச்சம் தண்ணீராகப் போவது எல்லாம் நாள்பட்ட பயத்தால் வரலாம், நோயாகவும் இருக்கலாம். பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும் ஜாதி. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

நாய் பக்கம் பார்க்க வேண்டியது வேறே. வாலாட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் கொட்டாமல், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நின்றால் அது வேட்டை. உடம்பு தளர்ந்து, நாக்கு தொங்கி, கொட்டாவி விட்டுப் படுத்துவிட்டால் நமக்கு நிம்மதி.

மாசி முடிவதற்குள் மணி அரைக் கதவுக்கு வெளியே சாக்கில் படுத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டது. பத்தடி என்பதை வாரத்துக்கு ஓரடியாகக் குறைத்தோம். பங்குனியில் ஒரு நாள் மஞ்சு குக்கர் விசில் அடித்ததும் மணி பாய்ந்து எழுந்து குரைத்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து ஒரு வாரம். போகட்டும், அதற்கெல்லாம் சலித்துக்கொண்டால் ஆகுமா? சித்திரையில் கயிறு தரையில் கிடக்க, மணி அறை வாசலில் படுத்திருக்க, கூண்டுக்குள் மஞ்சு கம்பு கொத்திக்கொண்டிருந்தது.

இதற்குமேல் நாங்கள் போகவில்லை. கைபேசியில் படம் வருகிறதே, நாய் தலைமேல் கிளி உட்கார்ந்திருக்கிற மாதிரி? அதைப் பார்த்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். படம் எடுத்த அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். மஞ்சு தினம் மாலையில் ஒரு மணி நேரம் கூண்டை விட்டு வெளியே பறக்கும். அந்த நேரம் மணி கொல்லையில் கட்டியிருக்கும், நடுவில் இரண்டு கதவு தாழ்ப்பாள். ஒரு வருஷம் பழகினாலும், பத்து வருஷம் பழகினாலும் இது மாறாது. இந்த ஒரு வாக்குறுதியைக் கொடுத்ததால்தான் அத்தை பெட்டியைக் கட்டவில்லை.

இப்போது நாத்தனார் வீட்டு விஷயம். எங்கள் டாக்டரிடம் அதைக் கேட்டேன். நாய், பூனை வாயில் பாஸ்டுரெல்லா என்ற ஒரு கிருமி சகஜமாக இருக்கிறதாம். நாய்க்கு அதனால் ஒன்றும் இல்லை. ஊசி முனை அளவு பல் பட்டு அது பறவையின் ரத்தத்தில் கலந்தால், ஒன்றிரண்டு நாளில் ரத்தமே விஷமாகிவிடும். இறகுக்கடியில் அந்தக் காயம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் நாய் வாயில் பறவை பட்டால், காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பறவை நன்றாக நடமாடினாலும், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சீக்கிரமே கிருமிக்கொல்லி மருந்து ஆரம்பித்தால் பிழைக்க வழி உண்டு. ஓட்டை போட்ட சின்ன அட்டைப் பெட்டியில் மெத்தென்ற துணி விரித்து, இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்துக் கொண்டு போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மஞ்சள் எண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூடு போய்விடும். உள்ளூரில் பறவை பார்ப்பவர் இல்லையென்றால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி அது.

"நாய் கடித்த கிளிக்கு வெறிநோய் வருமா, அது நம்மைக் கடித்தால்?" என்றும் ஒரு பயம் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் பாலூட்டி மிருகங்களுக்கு வருவது. கிளியிடமிருந்து நமக்கு வராது. அந்தப் பயத்தை நாயிடம் வையுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். குட்டிதானே என்று விடாதீர்கள். குழந்தையை நாயோ குட்டியோ கடித்தாலும், நகம் கீறி ரத்தம் கசிந்தாலும், உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஊசி இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

கிளியால் வரக்கூடியது வேறு. சிட்டகோசிஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு. நோயுள்ள பறவையின் எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் வரும். அடிக்கடி வருவது அல்ல, ஆனால் வந்தால் நிமோனியாவாகப் போகும். அதனால் கூண்டைக் காய்ந்தபடி துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி எடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் கூண்டு சுத்தம் செய்யும் வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். கைக்குழந்தை தூங்கும் அறையில் கூண்டு வேண்டாம், காக்டெய்ல் இறகிலிருந்து வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் பறவை இருந்து, யாருக்காவது விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், டாக்டரிடம் "எங்க வீட்டுல கிளி இருக்குது" என்று சொல்ல மறக்காதீர்கள். அவராக அதைக் கேட்கமாட்டார்.

சமையலறையிலும் கொஞ்சம் கவனம். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் வைத்து அதிகம் காய விட்டால் வரும் ஆவியில் நமக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்து அறையில் இருக்கும் பறவை சில நிமிஷத்தில் செத்து விழும். நான் பழையபடி இரும்புத் தோசைக்கல்லுக்கே போய்விட்டேன், தோசையும் முறுகலாக வருகிறது! கொசுவர்த்திச் சுருளும் கூண்டு அறையில் வேண்டாம், வலை கட்டுங்கள். சாக்லெட், வெங்காயம் இரண்டுக்குமே ஆகாது. நாய்க்குத் திராட்சை, உலர் திராட்சை கூடாது, பாயசத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடாதீர்கள். பறவைக்கு வெண்ணெய்ப்பழம் கூடாது. மஞ்சுவுக்குத் தினை, கம்போடு முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொடுக்கிறோம். தானியம் மட்டுமே போட்டால் சத்துக் குறைந்துவிடும்.

நாய் இருக்கிற வீட்டில் கிளி வாங்கலாமா என்று கேட்ட சகோதரிக்கு: உங்கள் நாய் கோழிக்குஞ்சைப் பார்த்தால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கூப்பிட்டால் விட்டுவிட்டு வருகிறதா? வந்தால் யோசிக்கலாம். ஒரு முறையாவது கோழியையோ ஓணானையோ பிடித்துக் கொன்ற நாய் என்றால் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கதவு வைத்துப் பூட்டத் தனி அறை இல்லாத வீட்டுக்கும் அதேதான். ஆசைக்காக ஒரு ஜீவனைத் தினம் தினம் பயத்தில் வைத்திருப்பானேன்?

அத்தைக்கும் மணிக்கும் இப்போது எப்படி என்று கேட்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கவளம் தயிர்ச்சோறு எடுத்து வைக்கிறார்கள், யாருக்கென்று கேட்டால் "காக்காய்க்கு" என்கிறார்கள். காக்காய்க்கு வைக்கும் சோறு கொல்லைத் தாழ்வாரத்துக்கு ஏன் போகிறது என்று நான் கேட்பதில்லை. ஆடி மாதம் ஒரு ராத்திரி, கரண்டு போன நேரம், வயல் பக்கம் யாரோ டார்ச் அடித்தார்கள். மணி விடாமல் குரைத்ததில் அந்த வெளிச்சம் அப்படியே திரும்பிப் போய்விட்டது. இருட்டில் மஞ்சு மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. காக்டெய்லுக்கு இந்த ராத்திரி மிரட்சி அதிகம், சிறகை உடைத்துக்கொள்ளும். அத்தை கூண்டைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா கண்ணு, நம்ம மணிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து கூண்டருகே பேட்டரியில் எரியும் ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறோம், கரண்டு போனாலும் அணையாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் விட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கதவை எப்போது மூட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஒன்றைக் கூடவே கொண்டு போங்கள், அல்லது ஒன்றை வேறு வீட்டில் விடுங்கள். நாங்கள் போனால் மஞ்சு கூண்டோடு அத்தை மடியில் பஸ்ஸில் வரும், மணி மோட்டார் கொட்டகைக்காரரிடம் இருக்கும். வெடிச் சத்தம் இரண்டுக்குமே ஆகாது. ஜன்னலைச் சாத்தி, கூண்டை மூன்று பக்கம் துணியால் மூடி, அறையில் ரேடியோவை மெதுவாகப் பாட விடுங்கள்.